நான்காம் வேற்றுமை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

என் மனைவி மரகதத்தின் மார்பில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டிதான். புற்றுநோய் இல்லை என்று இன்று நாமக்கல் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நர்ஸம்மா, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மிளகு வியாபாரி பாய், செய்தி கேட்டதும், "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். வளைவுக்கு வளைவு மரகதம் எட்டுக்கை அம்மனுக்குப் பொங்கல் வைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

மூவருக்கும் நன்றி சொல்ல ஓர் ஆள் இருந்தார். மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பியதில்லை. காரணம் இருந்தால் விளைவு உண்டு என்ற புத்தர்தான் எனக்கு நெருக்கம். ஆனால் காரணத்தைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது?

நான்காம் வேற்றுமைக்குத் தமிழ் வகுப்பில், 'அவனுக்கு நன்றி சொன்னேன்' என்றுதான் உதாரணம் எழுதிப் போடுவேன். இன்று நெஞ்சு நிறைய நன்றி இருக்கிறது. 'கு' சேர்க்கத்தான் பெயர் இல்லை.

சாப்பிடும்போது இதை மரகதத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இலக்கணமா? ஊசி குத்துனது எனக்கு. பயந்து கெடந்தவ நானு. எனக்குச் சொல்லுங்களேன். அம்மனுக்கு நான் சொல்லிக்கறேன்."

கையில் சாமைச் சோறு. அப்படியே வைத்துக்கொண்டு, "உனக்கு நன்றி, மரகதம்" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"கேட்டுச்சுங்க. சோறு ஆறுது, சாப்புடுங்க."