சுனில்டா கேட்ட மூன்று மாதம்

வில்லாரிகா, பராகுவே
4 மார்ச் 1997

அன்புள்ள எர்மினியா அண்ணி,

நலமா? பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா? மாமா நன்றாகச் சாப்பிடுகிறார். வாதம் வந்த வலது பக்கம்தான் அப்படியே இருக்கிறது.

ஆறு வருடமாக அவரைத் தூக்கித் தூக்கி எனக்குக் குடல் இறங்கியிருக்கிறது. மே பத்தாம் தேதி ஆபரேஷன். பிறகு மூன்று மாதம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாதாம். "அப்ப மாமாவை யாரு பாத்துப்பா?" என்று டாக்டரைக் கேட்டேன். "ஏம்மா, அவருக்குப் புள்ளைங்க இல்லையா?" என்றார். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, இறந்து ஐந்து வருடமாகிறது. இருப்பது நீங்கள்தான். வாருங்கள்.

அன்புடன்,
சுனில்டா

புவெனோஸ் அயர்ஸ்
22 மார்ச்

அன்பு சுனில்டா,

படித்துவிட்டு அழுதேன். தையற்கூடத்தில் மூன்று நாள் லீவுக்கே முகம் சுளிக்கிறார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு வீட்டில் என் பங்கும் உனக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பட்டதற்கு அதுதான் நியாயம். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா?

எர்மினியா

வில்லாரிகா
3 ஏப்ரல்

அண்ணி,

பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபமில்லை. இதை வாங்கிக்கொண்டால் இத்தனை நாளும் வீட்டுக்காகத்தான் செய்தேன் என்றாகிவிடும். எனக்கு நாற்பத்தொரு வயது. உடம்பு வேண்டும். தள்ளிப்போட மாட்டேன்.

நீங்கள் வராவிட்டால், மே ஒன்பதாம் தேதி அவரைக் கன்னியாஸ்திரீகளின் முதியோர் இல்லத்தில் சேர்ப்பேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். "எர்மினியா வருவாளா?" என்று மட்டும் கேட்டார்.

சுனில்டா

புவெனோஸ் அயர்ஸ்
20 ஏப்ரல்

சுனில்டா,

வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைகளை இவர் பார்த்துக்கொள்வார். மே எட்டாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். அப்பாவைத் தொட்டுத் தூக்கியதே இல்லை. பயமாயிருக்கிறது.

எர்மினியா

10 மே, விடியற்காலை

அண்ணி,

இருவரும் தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன்.

தூக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். இது எனக்கு யாரும் சொல்லித்தராதது. மாத்தே டீயை ஆறவைத்துக் கொடுங்கள். குளிப்பாட்டும்போது கூச்சப்படுவார். ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், மறந்துவிடுவார்.

என் தாய்வீட்டில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு ஆகஸ்டில் வருவேன். அதற்குப் பிறகும் முறைவைத்துத்தான் பார்ப்போம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. பழக்கதோஷத்தில் உங்களையும் "சுனில்டா" என்றுதான் கூப்பிடுவார். திருத்தாதீர்கள். "என்னப்பா" என்று போய் நில்லுங்கள்.

சுனில்டா