ரசீது வைத்திருந்த திருடன்

3 மார்ச் 1973, சனி

இன்று ஏழு கோட்டுகள் விற்றேன். ஏழும் நானே மொத்த வியாபாரக் கடையில் வரிசையில் நின்று, காசு கட்டி, ரசீது வாங்கி, குளிரில் விறைத்துக்கொண்டு தூக்கிவந்தவை. இதை இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நாற்பத்து மூன்றாம் தெருவில் வெல்வெட் என்றால், அதாவது நான், பெரிய கள்ளன். சரக்கு ரயில் பெட்டியிலிருந்து இறங்கியது, துறைமுகத்தில் காணாமல் போனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் ஒரு கதையும் கட்டியதில்லை. கோட்டுக்குள் தைத்திருக்கும் கடை முத்திரைத் துணியைப் பிளேடால் வெட்டி எடுப்பேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பேன். கார் டிக்கியைப் பாதி திறப்பேன். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதே கோட்டு நாலு தெரு தள்ளி ஒரு கடையில் என் விலையைவிட இரண்டு டாலர் குறைவாகத் தொங்குகிறது. ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஹாட்டி கெய்ன்ஸ் அம்மாளும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்காரவைப்பவள். ஈஸ்டருக்கு ஊதா நிறத்தில் ஒன்று வேண்டுமாம்.

"எங்கேர்ந்துடா வந்துச்சு இது?"

"கேக்காதீங்கம்மா. கேட்டா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

கண் மின்னியது கிழவிக்கு. பேரம்கூடப் பேசவில்லை.

11 மார்ச், ஞாயிறு

பனியில் வழுக்கி விழுந்தேன். நாலு அங்குலக் குதிகால் ஷூவும் எலுமிச்சைப் பச்சை சூட்டும் போட்டவன் விழுந்தால் தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. "போலீஸ் துரத்துதா வெல்வெட்?" என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நொண்டி ஓடினேன். இப்போது முட்டி வீங்கியிருக்கிறது.

19 மார்ச், திங்கள்

ஈஸ்டர் சரக்கு நாற்பது சூட். என் அறையில் இடமில்லை. வெர்டெல் அக்காவின் புருஷன் ஆமோஸின் சலூன் பின்னறையில் அடுக்கினேன். அவர் நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டுப் பரோலில் வந்தவர். ஒரு சின்ன தப்பு என்றாலும் மிச்சமுள்ள ஐந்து வருஷத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.

"மாப்ள, இதுல வம்பு ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்ல மச்சான்."

நான் சொன்னது முழு உண்மை. நம்பாமல்தான் சாவியைக் கொடுத்தார். அக்காவின் தம்பி என்பதால் கொடுத்தார்.

28 மார்ச், புதன்

ஆமோஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சலூனுக்கு எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு போலீஸ் கார். பெட்டி பெட்டியாக என் சூட்டுகளை வெளியே எடுத்தார்கள். ஒரு துப்பறிவாளன் சூட்டைப் பிரித்துப் பார்த்தான், முத்திரை வெட்டியிருப்பதைப் பார்த்து விசிலடித்தான். ஆமோஸ் முடிவெட்டுவதற்காக முன்னால் கட்டியிருந்த துணியைக்கூடக் கழற்றவில்லை. பாதி முடி வெட்டிய ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

நான் என்ன செய்தேன்? மீனைத் தின்று முடித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

29 மார்ச், வியாழன்

ரசீதெல்லாம் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஒன்று விடாமல். ஒவ்வொரு சூட்டின் உள்பையிலும் ஒரு எண் அச்சடித்திருக்கிறது, ரசீதிலும் அதே எண். நான் அவ்வளவு பயந்தாங்கொள்ளி. என்றைக்காவது பிடித்தால் காட்டலாம் என்று ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

என்னைப் பிடித்தால் காட்டலாம் என்று. இன்னொருவரைப் பிடிப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

நாளைக் காலை போய்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

30 மார்ச், வெள்ளி

போகவில்லை. மழை.

1 ஏப்ரல், ஞாயிறு

அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"அந்த மனுஷன் வாயே தொறக்கலடா. யார் வெச்சதுன்னு தெரியாதுன்னே நிக்கிறாரு. உன் பேர சொல்லல."

"நான் யோசிச்சிட்டு இருக்கேன்க்கா."

"யோசி, நல்லா யோசி. அவரும் அஞ்சு வருஷம் உள்ள உக்காந்து யோசிப்பாரு."

அவள் போன பிறகு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதற்குடா பயப்படுகிறாய்? ஜெயிலுக்கா? இல்லையே. கொடுத்தால் ஜெயில் யாருக்குமே இல்லை. கொடுத்தால் வெல்வெட் கள்ளன் இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான். மொத்தக் கடையில் வரிசையில் நிற்கிற சாதாரண கிளியோட்டிஸ் ரெய்னி, என் சொந்தப் பெயர். தெருவில் பெரிய ஆட்கள் எனக்குத் தலையசைக்கிறார்கள். சலூனில் எனக்கு இடம் விட்டு எழுந்திருக்கிறார்கள். அதை விட மனசில்லை. சீ, இதுதான் காரணமா? இதுதான்.

6 ஏப்ரல், வெள்ளி

புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். ரசீதுகளை உறையில் போட்டு, பெயர் எழுதாமல், ஆமோஸுக்கு அரசு கொடுத்திருக்கும் வக்கீலின் கதவுக்கடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன். நொண்டியபடிதான்.

9 ஏப்ரல், திங்கள்

வக்கீல் பிளெட்சோ என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் புத்திசாலித்தனத்தின் அளவு பாருங்கள், எல்லா ரசீதிலும் என் பெயரும் விலாசமும் இருக்கிறது.

"வியாழக்கிழம கோர்ட்டு. நீங்களே வந்து சொல்லணும்."

"இந்தக் காகிதம் போதாதா சார்?"

"நீங்க வந்து நின்னாத்தான் இது சாட்சி. வரலன்னா வெறும் காகிதம்." தொப்பியைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நேர்மையா இருக்கறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"



12 ஏப்ரல், வியாழன்

ஆமோஸுக்கு ஆதரவாகச் சர்ச்சே கிளம்பி வந்திருந்தது. மூன்று வரிசை. கோர்ட்டில் குளிர், அதனால் எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். பாதிக்குப் பாதி என் கோட்டு.

அவர்கள் முன்னால் ஏறி நின்று சொன்னேன். காசு கொடுத்து வாங்கினேன். எல்லாவற்றையும். முத்திரையை நானே வெட்டினேன். ஆமோஸுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு குமாஸ்தா ஒவ்வொரு சூட்டாகப் பையைத் திருப்பி எண் வாசிக்க, வக்கீல் ரசீதைக் காட்ட, நாற்பதும் சரியாக இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படீன்னா நீ எதையுமே திருடினதில்லையா?"

"இல்லீங்க ஐயா."

"எப்பவுமே?"

"ஒன்பது வயசுல ஒரு பீச் பழம்."

கோர்ட்டே சிரித்தது. ஹாட்டி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஊதாக் கோட்டோடு எழுந்து நின்றாள்.

"டேய் பாவி! அப்ப நான் வாங்குனது திருட்டுச் சாமான் இல்லையா? நாப்பது நாளா முட்டி போட்டு ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருக்கேன்டா! அத்தனை ஜெபத்தையும் யாருடா திருப்பித் தருவா?"

சுத்தியலைத் தட்டித் தட்டி நீதிபதிக்குக் கை ஓய்ந்துபோனது. ஆமோஸை விட்டுவிட்டார்கள்.

வாசலில் அவர் என் முன்னால் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"அந்த ரசீது மொத நாளே உங்கிட்ட இருந்துச்சா?"

"ஆமா மச்சான்."

"பதினஞ்சு நாளு," என்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

14 ஏப்ரல், சனி

தெருவில் எனக்குப் புதுப் பெயர் ரசீது. "என்ன ரசீது, இன்னிக்கு எங்க வரிசை?" ஒரு கோட்டுகூட விற்கவில்லை. பச்சை சூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து வருஷமாக அதைப் போட்டுத் திரிந்தபோது வராத கூச்சம்.

22 ஏப்ரல், ஈஸ்டர்

சர்ச்சுக்குப் போனேன். வாசலில் ஹாட்டி அம்மாள், ஊதாக் கோட்டு, வெள்ளைக் கையுறை. கடைசி பெஞ்சைக் காட்டினாள். "அங்க உக்காரு. கோட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சிடாத."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஆமோஸ் பார்க்கவில்லை.

8 மே, செவ்வாய்

நாலு தெரு தள்ளியிருக்கும் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கழுத்தில் அளவு நாடா. இங்கே முத்திரையை வெட்டுவதில்லை. கதை சொல்லாமல் விற்பது எவ்வளவு கஷ்டம்! இன்று ஒரே ஒரு இடுப்புவார்தான் விற்றது.

19 மே, சனி

நாலாவது சனிக்கிழமையாக சலூனில் போய் உட்கார்ந்தேன். ஆமோஸ் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து "அடுத்தது" என்கிறார். கடை சாத்தும்வரை அப்படியே. வேறு சலூனுக்குப் போகலாம். போக மாட்டேன். முடி வளர்ந்து தொப்பி தலையின்மேல் தனியாக நிற்கிறது.

அவர் மௌனமாக இருந்த பதினைந்து நாளும் எனக்காக. நான் மௌனமாக இருந்ததும் எனக்காகத்தான். தண்டனை கணக்காகத்தான் இருக்கிறது.

2 ஜூன், சனி

மூன்று மணிக்கு ஆமோஸ் நாற்காலியைத் துணியால் தட்டினார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை. போய் உட்கார்ந்தேன்.

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். நெடுநேரம் சீப்பால் வாரினார், சிக்கெடுத்தார்.  கத்தியைக் காதுக்குப் பின்னால் வைத்தபோதுதான் சொன்னார்.

"தலைய ஆட்டாத மாப்ள. வெட்டிடும்."

நான் ஆட்டவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அவர் கத்தியை எடுத்துவிட்டு, நான் முடிக்கும்வரை நின்றார்.