டிரம்முக்குள் எண்ணெய்

ஐப்பசி 12, செவ்வாய்.

என் வீட்டுக்காரர் விழுந்து செத்த வண்டியைச் சரிசெய்து நானே வைத்துக்கொள்கிறேன் என்றான் கொழுந்தன். இன்று கல்மண்டபம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பின்சக்கரத்தைக் கழற்றினார்.

"இன்னாமா, பிரேக் டிரம் ஃபுல்லா எண்ணெயா கீது? எவன் ஊத்துனது? பிரேக் எப்டி புடிக்கும்?"

கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. "கடல் காத்துல துரு ஏறுதேன்னு நாந்தான் அண்ணி, அண்ணன் வுழறதுக்கு மொத நாளு வேஸ்ட் ஆயில் ஊத்துனேன்..."

அண்ணன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று சாவு வீட்டில் எல்லோரிடமும் சொன்னவன் இவன்தான்.

"தொடைக்காதீங்கண்ணே, அப்டியே மாட்டுங்க. இவன் ஓட்டிகினு வூட்டுக்கு வரட்டும்" என்றேன்.

அவன் ஏறவில்லை. அழுதுகொண்டே தள்ளி வந்தான். நான் பின்னாலேயே நடந்தேன்.

இன்னும் வாசலில் அழுகிறான். ஏன் அழுகிறான் என்று மாமியார் என்னைக் கேட்கிறாள். பெற்றவளிடம் அவனே சொல்லட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.