வென்றவளின் கார்

மகளின் மழைச்சட்டையைக் குளியலறையில் உதறினேன். காய்ந்த களிமண் கட்டிகட்டியாக வெள்ளை நிலத்தில் விழுந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டதும் அந்த மணம் எழும்பியது. மண்ணும் எரிந்த ரப்பரும் பெற்றோலும் கலந்த மணம். நீ போனபிறகு நான் எங்கே கண்டாலும் விலகி நடந்த மணம். அப்படியே தொட்டியின் விளிம்பில் குந்திவிட்டேன்.

"மம்மா, பொக்கற்றுக்குள்ள என்ர கல்லு இருக்கு, கழுவிப்போடாதேங்கோ" என்று வாசலில் நின்று மகள் கத்தினாள். அவளுக்கு நாலு வயது. நீ காணாத பிள்ளை.

நேற்று நான் அங்கே போனேன். உன் சிவப்புக் காரை வாங்கி, ஒரேயடியாக நிறுத்திவிட்டு வரச்சொல்லி உன் அம்மா அனுப்பினார். அது என்னவாயிற்று என்று உன்னிடம்தான் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

அன்ரிக்கு, உன் அம்மாவுக்கு, யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். திராமன் நகருக்கு அப்பாலுள்ள அந்த மண் ஓடுபாதையில் பெண்கள் பிரிவுக் கார் ஓட்டம். உன் சிவப்புக் கார், பொனற்றில் அதே தமிழ் எழுத்துகளோடு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வளைவில் திரும்புகிறது. வெஸ்ட்லியில் உங்கள் வீட்டுச் சோபாவில் என்னை இருத்தி, சத்தத்தை நிறுத்திவிட்டு அதைப் போட்டுக் காட்டினார்.

"என்ர பிள்ளை செய்த கார் ஓடுது. பிள்ளை இல்லை. இதென்ன நியாயம், சொல்லு?"

திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

"ஓட்டம் முடிய ஆரும் அந்தக் காரை வாங்கலாமெண்டு நீங்கள் ரெண்டு பேரும்தானே அப்ப சொன்னனீங்கள். நீ இன்னும் அந்தக் கழகத்திலை இருக்கிறாய்தானே. போய் வாங்கு. கராஜுக்கை விட்டுப் பூட்டுவம். அது நிண்டால்தான் நான் நித்திரை கொள்ளுவன்."

அந்த விதியை நீ முதன்முதல் அவருக்கு விளங்கப்படுத்திய நாள் உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. அன்ரி தோசை சுட்டுக்கொண்டு நின்றார். நீ கைகளில் கிரீஸோடு குசினி மேசையில் ஏறி இருந்தாய்.

"அந்த ஓட்டத்துக்கு வாறதெல்லாம் பழைய கார்தானம்மா. காசுள்ளவன் காசைக் கொட்டி வெல்லக்கூடாதெண்டு ஒரு விதி வைச்சிருக்கினம். ஓட்டம் முடிய, ஓடின கார் எல்லாம் ஒரே விலைக்கு விற்பனைக்கு. விருப்பமெண்டால் கழகத்திலை இருக்கிற ஆரும் சீட்டுப் போடலாம். கனபேர் போட்டால் குலுக்கல்."

"நீ குடுக்கமாட்டன் எண்டு நிண்டால்?"

"பிறகு என்னை ஓடவே விடமாட்டினம்."

அன்ரி தட்டகப்பையோடு திரும்பிப் பார்த்தார். "அப்ப பாத்துப் பாத்து வளத்து, வந்து கேக்கிறவனுக்குத் தூக்கிக் குடுக்கிறதோ? பொம்பிளைப்பிள்ளை பெத்த மாதிரியெல்லோ கிடக்கு."

"அதைவிட நல்லதம்மா. இஞ்சை மாப்பிள்ளை காசு தருவான்."

மேசையிலிருந்து விழப்பார்த்தாய், அப்படிச் சிரித்தாய்.

பகலில் பல்வைத்தியர். பின்னேரமானால் பியோர்ண்டாலில் வாடகைக்கு எடுத்த கராஜுக்குள் காருக்கு அடியில் கிடப்பாய். பல்லுப் பிடுங்கிற பிள்ளைக்கு இதென்ன வேலையென்று சனம் கதைத்தது. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஆபத்துகளுக்கு விலை போடுகிறவள். என்னைப்போல ஒருத்தியை ஏன் உனக்குத் துணையாகப் பிடித்தாய் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். "நீ இருந்தால் எனக்கெண்டு தனியாப் பயப்படத் தேவையில்லை, எல்லாத்தையும் நீயே பாப்பாய்" என்றாய் ஒருநாள்.

அந்தக் காரை அவசரப்படாமல் செய்தாய். உள்ளே சுற்றிவர இரும்புக் கூடு. ஒவ்வொரு பொருத்தையும் வெல்டிங் செய்து, ஆறவிட்டு, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டாய். இருக்கைக்கு அடியில் இரட்டைத் தகடு வைத்தாய். அந்த இருக்கைக்காக மட்டும் ஒரு குளிர்காலம் போனது. ஒருவருக்கும் தெரியப்போகாத இடத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேட்டதற்கு, "கார் உருளேக்கை கூடு தாங்கும். ஆனா கூட்டுக்கை நான் கழண்டு திரிஞ்சனெண்டால் ஒண்டும் தாங்காது" என்றாய். பல்லின் வேரைப்பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்.

பிறகு விளம்பரதாரர் தேடி அலைந்தோம். நோர்வேக்காரப் பிள்ளைகளுக்கு மரக்கடையும் டயர்க்கடையும் கைகொடுத்தன. எங்களுக்கு ஆர்? வடை சமோசா செய்து விற்கும் ஒரு அக்கா டயருக்குத் தந்தார். கடைசியாகப் புடவைக்கடை மாமாவிடம் போனோம். கடைக்குள் இருந்த கூறைச்சேலைகளுக்கு நடுவே நீ பந்தய உடுப்போடு நின்ற கோலத்தை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, என்ர கடைப்பேர் உன்ர காரிலை இருந்தால் ஆர் வாசிக்கிறது? கார் நிக்கவும் மாட்டாதே."

"உருண்டால் நிக்கும் மாமா. அப்ப எல்லாரும் பாப்பினம்."

"உருண்டால் என்ர பேர் தலைகீழாயெல்லோ தெரியும்?"

"அதுக்கு என்ன செய்ய?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அடியிலையும் ஒருக்கா எழுதிவிடு. ஒரு காசு, ரெண்டு விளம்பரம்."

நீ எழுதியேவிட்டாய். பொனற்றில், 'கூறைச்சேலைக்கு எங்களிடம் வாருங்கள்.' அடித்தகட்டில், வெள்ளைப் பெயின்றில், அதே வரி. சோதிக்க வந்த நோர்வேக்கார அதிகாரி கீழே குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். கலியாண அழைப்பு என்றாய்.

என் வேலை பெல்ட் இழுப்பது. ஜன்னலுக்குள்ளால் அரை உடம்பை நுழைத்து, உன் தோளில் முழங்கையை ஊன்றி, மூச்சு முட்டும்வரை இழுப்பேன். முதல்நாள் நான் இழுத்த பெல்ட்டையே திரும்பத் திரும்ப இழுத்ததைக் கண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னாய்: "பயமில்லாட்டி இவ்வளவு பெல்ட் எதுக்கடி? எனக்கும் பயம்தான். இழு."

நீ வென்ற அந்த ஞாயிற்றுக்கிழமையைப்பற்றி எழுத இவ்வளவு காலம் என்னால் முடியவில்லை. கடைசி வளைவில் இரண்டு பேரை உள்ளால் வெட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தாய். வெற்றிக்கிண்ணம் சின்னது, உப்புப் போத்தல் அளவு. அதை வாங்கிய கையோடு சீட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். உன் காருக்கு ஒரு கை நிறையச் சீட்டு. குலுக்கலில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்திருந்த ஒரு பெட்டைக்கு விழுந்தது. இங்ரிட். நீ முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சாவியைக் கையில் வைத்து, நோர்வேஜிய மொழியில் சொன்னாய்: "மூன்றாம் கியர் அடம்பிடிக்கும். அதட்டாதே. கெஞ்சு." திரும்பி வரும்போது பெருந்தெருவில் கிண்ணத்தை என் மடியில் போட்டாய். பிறகு, "வெண்டிருக்கக்கூடாதடி" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய்.

பருவத்தின் கடைசி ஓட்டத்துக்கு அதிகநாள் இருக்கவில்லை. வென்ற செய்தி கேட்டு எல்லாருக்கும் உசார் வந்துவிட்டது. வடை அக்கா கடாயோடு வருவதாகச் சொன்னார். புடவைக்கடை மாமா புதுக் காருக்கும் சேர்த்துத் தந்தார். பழைய வெள்ளைக் கார் ஒன்று கிடைத்தது. கூடு செய்தாய், அதன் அடித்தகட்டிலும் மாமாவின் வரியை எழுதினாய், சோதனையிலும் தேறியது. இருக்கைக்கு அடியில் இரட்டைத் தகடு வைக்க நாளில்லை. "குளிருக்கை ஆறுதலாச் செய்வம்" என்றாய். உன் கையை என் வயிற்றில் வைத்து, "மருமேள் பிறக்க முதல் ஒரு வெற்றி, பிறந்தாப்பிறகு ஒண்டு" என்று உள்ளே இருந்தவளிடம் கணக்குப் பேசினாய்.

பெல்ட்டை நான்தான் இழுத்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பெல்ட் விடவில்லை, கூடும் நசுங்கவில்லை. இன்னொரு காரின் சில்லில் உன் சில்லு ஏறி, வெள்ளைக் கார் உருண்டு உருண்டு போய்ச் சக்கரம் மேலே தெரிய நின்றது. சிவப்புக்கொடி காட்டினார்கள். எல்லா இயந்திரங்களும் ஓய்ந்தன. அடித்தகட்டில் அந்த வரி நிமிர்ந்து தெரிந்தது. எங்கள் சனம் முழுக்க வேலியோரம் நின்று அதை வாசித்தது. இருக்கை காரின் தரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

செத்தவீட்டில் புடவைக்கடை மாமா கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பகிடிக்குச் சொன்னது பிள்ளை. பகிடிக்குத்தானே சொன்னனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உனக்குக் கூறைச்சேலை அவர் கடையிலிருந்துதான் வந்தது. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அதன்பிறகு நான் என்ன ஆனேன் என்று பார். மகளின் பார்னஹாகேயில், அந்த மழலையர் பள்ளியில், சிறுவர்களைப் பனிச்சறுக்கக் கூட்டிப்போனால், வேலைக்கு லீவு போட்டுவிட்டு மரங்களுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அவள் நித்திரையில் மூச்சு விடுகிறாளா என்று இன்னமும் விரலை மூக்கடியில் வைத்துப் பார்க்கிறேன். இவர் பார்த்துவிட்டு, "நாலு வயசப்பா அவளுக்கு" என்பார். தெரியும். வயது தெரியும்.

ஆனால் அன்ரி கேட்டபோது மறுக்க முடியவில்லை. காசை வாங்கிக்கொண்டு, இவருக்கு ஞாயிறும் வேலைநாள் என்பதால் மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். மழை. ஓடுபாதை அப்படியேதான் இருந்தது. பொரித்த சொசேஜ் மணம், ஒலிபெருக்கியில் கரகரப்பு. சீட்டை எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பெட்டியில் போடவேண்டியதுதான் பாக்கி.

சிவப்புக் கார் பக்கத்தில் இங்ரிட் நின்றாள். இப்போது பெரிய பெண். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் நான் பொனற்றைப் பார்த்த விதத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதை வாசிக்கத் தெரியுமா?" என்று நோர்வேஜியத்தில் கேட்டாள். "நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் இதைத் தொட்டுக் கும்பிடுவேன். என்ன மந்திரம் என்று இதுவரை தெரியாது."

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. நல்ல வாசகம்தான் என்றேன். பிறகு, இந்தக் காரைச் செய்தவள் என் சினேகிதி என்றும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நான் இன்னும் கெஞ்சித்தான் மூன்றாம் கியர் போடுகிறேன்" என்றாள்.

அழைப்பு வந்தது. பெல்ட் இழுக்கிற தன் தம்பியைக் காணவில்லை என்று அங்குமிங்கும் பார்த்தாள். நான் மகளை வேலியோரம் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குள் நுழைந்தேன். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இழுத்துக்கொண்டே கீழே பார்த்தேன். இருக்கைக்கு அடியில் உன் இரட்டைத் தகடு. துரு ஏறியிருந்தது, அசையவில்லை. உன் வெல்டிங் கோடு, பல்லுத் தையல்போல, அப்படியே.

"இன்றைக்கு யாராவது இதை வாங்கிவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஐயோ, கேட்காதீர்கள்" என்று சிரித்தாள். "அம்மா வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. தம்பியும் நானும் அடுத்த ஓட்டத்துக்குள் எப்படியாவது கட்டிவிடுவோம்."

எப்படியாவது. என் முழங்கை அவள் தோளில் இருந்தது. அதை எடுக்க எனக்கு நேரம் பிடித்தது.

அவள் நாலாவதாக வந்தாள். சிவப்புக் கார் கிழடாகிவிட்டது, ஒருவரும் அதற்குச் சீட்டுப் போடவில்லை. என் சீட்டு ஒன்றே போதும், கார் உன் அம்மாவுக்கு. பெட்டியை மூடப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் பெட்டிக்கு எதிரே, மகளின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடினார்கள்.

அங்கிருந்து நேரே வெஸ்ட்லிக்குப் போனேன். காசை மேசையில் வைத்தேன்.

"என்ன, வேறை ஆரும் எடுத்திட்டினமோ?"

"இல்லை அன்ரி. நான் சீட்டுப் போடேல்லை."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "நிப்பாட்டச் சொல்லித்தானே அனுப்பினனான்."

"அதை எடுத்தால் அந்தப் பிள்ளை அவசரத்துக்குச் செய்த இன்னொண்டிலை ஏறும், அன்ரி. உங்கட பிள்ளை ஏறின மாதிரி."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. அன்ரி என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "போயிட்டு வா" என்றார். மகளுக்கு எப்போதும் கொடுக்கும் பிஸ்கற்றைக்கூடக் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது உள்ளே அவர் அழுத சத்தம் கேட்டது. உன்னை எடுத்துப்போன அன்றைக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை. அதை நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

இன்றைக்குப் பின்னேரம், இந்தக் களிமண்ணைக் கழுவி முடித்த நேரம், அவருடைய அழைப்பு வந்தது. எடுக்கப் பயந்து எடுத்தேன். சுகம் கேட்கவில்லை.

"அந்தப் பெட்டை நேற்று வீட்டை போய்ச் சேந்ததோ?"

"ஆர் அன்ரி?"

"அந்தக் காரிலை ஓடினதடி. கேட்டனியோ?"

நான் கேட்டிருக்கவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டு, கழகத்தின் குழுவில் இங்ரிட்டைத் தேடிப் பிடித்து எழுதினேன். வந்துவிட்டேன், இப்போது வேலையில் நிற்கிறேன், ஏன் கேட்கிறீர்கள் என்று பதில் போட்டாள். ஏனென்று எழுத எனக்கு அந்த மொழி போதவில்லை. அன்ரிக்குத் திரும்ப எடுத்துச் சொன்னேன்.

"ம்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம். "அதுக்குத் தாய் இருக்கோ?"

"ஓம் அன்ரி."

"அடுத்த ஓட்டம் எப்ப?"

சொன்னேன். பொறு, கலண்டரிலை போடுறன் என்றார். பேனை எழுதாமல் உதறிய சத்தமும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

வீடு அடங்கிவிட்டது. நாளைக்கு எனக்கு வேலை. உனக்கு ஆறுதல் சொல்லவோ, எனக்குச் சொல்லிக்கொள்ளவோ என்னிடம் ஒன்றுமில்லை. நீ இல்லாதது நேற்றும் இன்றும் ஒரே அளவுதான். ஆனால் இனி ஓட்டம் உள்ள ஞாயிறுகளில், பின்னேரமானதும், முன்பின் தெரியாத ஒரு நோர்வேக்காரப் பிள்ளைக்கு நான் எழுதவேண்டும், வீட்டுக்குப் போய்விட்டாயா என்று. அவள் பதில் போடும்வரை வெஸ்ட்லியில் உன் அம்மா விளக்கை அணைக்கமாட்டார்.