பதின்மூன்று செவ்வாயும் இடப்பக்கக் காவலும்

ஓகஸ்ட் 9, 2004. திங்கள்.

முப்பத்தொரு பாகை வெயில். கல்லூரிச் சலவை அறையில் அதற்கும் மேல். உலர்த்தும் இயந்திரம் இரண்டில் ஒன்று வேலைநிறுத்தம். கோரிக்கை என்ன என்று தெரிவிக்கவில்லை. அணிக்கு இன்றிலிருந்து நாளுக்கு இரண்டு பயிற்சி, ஆகவே எனக்கு இரண்டு சலவை. சட்டை அறுபத்திரண்டு. காலுறை எண்ணவில்லை, எண்ணுவதாகவும் இல்லை.

விளையாட்டின் பெயர் உதைபந்து. உதைப்பது அரிது. கையால் எறிவார்கள், தோளால் இடிப்பார்கள். மூன்று முறைக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிட்டால் பந்து மற்றவனுக்கு. ஒன்பது வருடமாக இவர்களுக்குத் துவைக்கிறேன். போன வருடம் நம் தாக்குதல் அணி பத்து யார் முன்னேறிய நாட்களை விரலில் எண்ணலாம்.

மத்தியானம் தமிழ் வாரப் பத்திரிகை ஆசிரியரின் தொலைபேசி.

"அண்ணை, எங்கட பெடியன் ஒருத்தன் உங்கட ரீமில நிக்கிறானாம். சீசன் துவங்க முந்தி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. தாக்குதல் எப்பிடி, வெல்லுவினமோ, அப்பிடி."

"தோத்தால்?"

"அதைப் பேந்து பாப்பம். இப்ப வெல்லுற மாதிரி எழுதுங்கோ."

எங்கட பெடியன்: யூட். வயது பத்தொன்பது, எடை நூற்றிருபத்தெட்டுக் கிலோ. நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸ் வாசி. தாய் யோசப்பின், மன்னார்க்காரி, என் மனைவியோடு ஒரே கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைத்தவள். இடப்பக்கக் காவல் இடத்துக்கு யூட்டும், லவாலில் இருந்து வந்த எத்தியனும் போட்டி. 24ஆம் திகதி அணிக்குள் ஒரு ஆட்டம், அதன் பிறகு பட்டியல் என்று கோச் சொன்னார்.

காவல் என்றால்: பந்தெறியும் மார்க் வலக்கைக்காரன். எறியத் திரும்பினால் இடப்பக்கம் அவனுக்குத் தெரியாது. அங்கே நிற்பவன்தான் அவனுக்கு முதுகில் கண்.

கடையில் வாங்க: வெங்காயம், பற்பசை.

ஓகஸ்ட் 10. செவ்வாய்.

காலையில் தூறல், பிறகு புழுக்கம். மத்தியானம் யூட் தன் சான்ட்விச்சைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். போன செவ்வாயும் இதே.

"அங்கிள், நீங்க சாப்பிடுங்கோ."

"ஏன், பசியில்லையோ?"

"பசிக்குது. ஆனா செவ்வாய். அம்மா அந்தோனியாருக்கு நேத்தி வைச்சிட்டா. பதின்மூண்டு செவ்வாய் ஒருசந்தி. பின்னேரம் ஆறு மணி மட்டும் தண்ணிதான். இண்டைக்குப் பத்தாவது."

"நேத்தி என்னத்துக்கு?"

"எனக்கு முதல் வரிசை கிடைக்க."

"வைச்சது அம்மா. பட்டினி நீயோ?"

"அவவும் இருக்கிறா. என்ர பேரில வைச்சபடியா நானும் இருக்க வேணுமாம். கோச்சிட்டச் சொல்லாதேங்கோ, அங்கிள். விசர் எண்டு நினைப்பார்."

சொல்ல மாட்டேன் என்றேன். சான்ட்விச்: கோழி. நன்றாயிருந்தது.

மாலைச் சலவையில் ஒரு செய்தி. பயிற்சியில் யாரும் தொடக்கூடாது என்பதற்காக மார்க்குக்கு மட்டும் சிவப்புச் சட்டை. அதன் முதுகு முழுக்கப் புல்லின் பச்சை. எதிரி தொடவில்லை. யூட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டுவந்து அவன் மேலேயே விழுத்தியிருக்கிறார்கள். ஊறவைத்தேன்.

ஓகஸ்ட் 11. புதன்.

சிவப்புச் சட்டை சுத்தம். யூட் மதில் மாதிரி நின்றானாம். கோச் சலவை அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "நேற்று வந்தவன் இவனுடைய தம்பியா?" தெரியாது என்றேன். அது பொய்யல்ல, தம்பி இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.

முழங்கால் வலி. என்னுடையது.

ஓகஸ்ட் 13. வெள்ளி.

கட்டுரை, முதல் வரைவு:

"இந்த வருடத் தாக்குதல் அணி நம்பிக்கை தருகிறது. மார்க்கின் கை பலமானது, பந்து வெகு தூரம் போகிறது. அங்கே யாராவது நிற்பார்களா என்பது வேறு இலாகாவின் பொறுப்பு. பந்து பிடிக்கும் மூவரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள், புதிய மூவருக்கும் நல்ல தலைமுடி. பந்தோடு ஓடுபவன் வேகமானவன், பெரும்பாலும் பக்கவாட்டில். ஆகவே எல்லாம் இடப்பக்கக் காவலைப் பொறுத்தது."

கடைசி வரியில் மட்டும் பகிடி இல்லை. அது ஏன் கைக்கு வந்தது என்று யோசித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

ஓகஸ்ட் 17. செவ்வாய்.

முப்பத்துமூன்று பாகை. பதினோராவது செவ்வாய்.

இரண்டாம் பயிற்சியில் யூட் முழங்காலில் இருந்துவிட்டான். விழவில்லை, இருந்தான். எழும்ப நேரம் எடுத்தது. கண் எங்கேயோ. தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கோச் எல்லோருக்கும் கேட்க: "வாரத்தில் ஆறு நாள் விளையாடுகிறவன் எனக்கு வேண்டாம்." எத்தியன் முதல் வரிசைக்குப் போனான்.

நான் வேலியோரம் துவாய்க் கூடையோடு நின்றேன். வாய் திறக்க இருபது அடிதான். ஆனால் பையனுக்குக் கொடுத்த வாக்கு. மற்றவர்களின் அந்தோனியார். சைவ சமயக்காரன் நான் தலையிடுவது அழகில்லை. மூன்று காரணமும் நல்ல காரணம். நல்ல காரணம் மூன்று சேர்ந்தால் என்னால் அசைய முடியாது, இது பழைய வியாதி.

சான்ட்விச்: மீன். சாப்பிட்டேன். எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஓகஸ்ட் 20. வெள்ளி.

ஆசிரியர் மறுபடி. "அண்ணை, யோசப்பின் அக்கா சொன்னவ, முதல் ஆட்டத்துக்குக் கோயில் சனம் ஒரு பஸ் பிடிச்சு வருகினமாம். கட்டுரையில பெடியன்ர படம் பெரிசாப் போடுவம்."

"அவன் நிப்பானோ எண்டு இன்னும் முடிவில்லை."

"நிப்பான், நிப்பான். நேத்தியெல்லாம் வைச்சிருக்கு."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கோச்சைத் தவிர.

ஓகஸ்ட் 22. ஞாயிறு.

பியர்பொன்ட்ஸ் போனேன். மெற்றோ, பஸ், இன்னொரு பஸ். ஒரு நாவலில் பாதி முடிந்தது. பூசை முடிந்து வந்து வீட்டில் இருந்தாள் யோசப்பின். யூட் மேலே தூக்கம்.

"பிள்ளை, அவன் செவ்வாய்க்கிழமை கிறவுண்டில மயங்கப் பாத்தவன்."

"எனக்குச் சொல்லேல்லையே!"

"சொல்ல மாட்டான். இடம் போகப்போகுது. இந்தச் செவ்வாய்தான் முடிவு."

"பதினொண்டு முடிஞ்சுது, அண்ணை. இன்னும் ரெண்டுதான். இப்ப விட்டால் பிடிச்சதெல்லாம் வீண்."

"நீர் அந்தோனியாரிட்டக் கேட்டது என்ன?"

"இவன் முதல் வரிசையில நிக்க வேணும் எண்டு."

"வாயால அதைக் கேக்கிறீர். வயித்தால அதைத் தடுக்கிறீர். அவர் எதைக் கேக்கிறது?"

முகம் சிவந்தது. "உங்களுக்குக் கோயில் குளம் எல்லாம் பகிடி." எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட மறந்தாள் அல்லது போடவில்லை. குடித்தேன்.

வாசல்வரை வந்து கேட்டாள்: "அவன்ர பங்கையும் நான் பிடிச்சால்?"

"அதை என்னட்டக் கேட்டால்? பங்குச் சாமியாரைக் கேளும்."

"சாமி கெதியில ஓம் எண்டிடுவார், அந்தோனியார் ஏற்பாரோ தெரியாது. அதுதான் பயம்."

திரும்பும் பஸ்ஸில் நாவல் ஓடவில்லை.

ஓகஸ்ட் 24. செவ்வாய்.

இருபத்தாறு பாகை, காற்று. ஆட்டம் பத்தரைக்கு.

பத்தேகாலுக்கு வேலியோரம் யோசப்பின். தொப்பி, கைப்பை, மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி. புட்டு, சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சாப்பிடடா. சாமியாரிட்டக் கேட்டிட்டன். மிச்சம் ரெண்டும் உனக்கும் சேத்து நான்."

"அம்மா, இப்பவோ? பதினைஞ்சு நிமிசம்தான் இருக்கு!"

"பதினைஞ்சு நிமிசம் காணும். வாயைத் திற."

தோள் கவசத்தோடு நூற்றிருபத்தெட்டுக் கிலோ புல்லில் குந்தியிருந்து மூன்று அடுக்கையும் முடித்தது. அணி முழுக்க வேடிக்கை பார்த்தது. மார்க் சம்பலில் கொஞ்சம் கேட்டான், கேட்டதற்காக வருந்தினான்.

புட்டைத் தின்றுவிட்டு ஓட முடியாது. ஆனால் இடப்பக்கக் காவலுக்கு ஓட்டம் தேவையில்லை, நகராமல் இருந்தால் போதும். யூட் நகரவில்லை. ஒரு மணிநேரத்தில் ஒருவனும் அவனைத் தாண்டவில்லை. மார்க் நிதானமாக எறிந்தான், நல்ல தலைமுடிக்காரன் ஒருவன் பிடிக்கவும் செய்தான். ஒன்பது வருடத்தில் நம் தாக்குதல் அணி தாக்கியதை முதல்முறை பார்த்தேன்.

யோசப்பின் கடைசிவரை நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கினாள்.

ஓகஸ்ட் 25. புதன்.

முகில்.

பட்டியல் காலை எட்டுக்கு ஒட்டப்பட்டது. இடப்பக்கக் காவல்: எத்தியன். மாற்று ஆள்: யூட்.

கோச் அறைக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் துவாய் இல்லாமல் போனது இதுதான் முதல்முறை.

"நேற்று நன்றாக நின்றான். யாரும் மறுக்கவில்லை," என்றார். "ஆனால் அது ஒரு செவ்வாய். அதற்கு முன் இரண்டு செவ்வாய் பார்த்தேன். எந்த நாளில் எவன் வருவான் என்று தெரியாமல் மார்க்கின் முதுகை எப்படிக் கொடுப்பது?"

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி, ஒருசந்தி, பதின்மூன்று, சான்ட்விச். கேட்டுக்கொண்டேயிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"என் அம்மா எனக்காக மலைக் கோயில் படியெல்லாம் முழங்காலில் ஏறினவள்," என்றார். "இதைப் பத்தாம் திகதி சொல்லியிருந்தால் செவ்வாய்ப் பயிற்சியை மாலை ஆறுக்குப் பிறகு வைத்திருப்பேன். நேற்று இரவு எத்தியனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனுடைய அம்மா சந்தோஷத்தில் அழுதாளாம்."

மாலை ஆறுக்குப் பிறகு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

யூட் உடைமாற்றும் அறையில் அலுமாரிகளுக்கு இடையில் இருந்தான். காலணி கழற்றவில்லை. "அங்கிள், அம்மாட்ட நீங்க சொல்லுறியளோ? என்னால ஏலாது."

நான்கு மணிக்கு யோசப்பினுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளை, யூட் இரண்டாவதாம், என்றேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள்.

"பதினொண்டு ஒழுங்காப் பிடிச்சது, அண்ணை. பன்னிரண்டாவதிலதான் உடைச்சது. உங்கட கதையைக் கேட்டு."

நான் பத்தாம் திகதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

"வாற செவ்வாய் அவனும் என்னோட ஒருசந்தி இருக்கட்டும். இனிச் சாப்பிட்டு என்ன, சாப்பிடாமல் என்ன. கோச் ஒண்டும் சொல்ல மாட்டார்தானே?"

"மாட்டார்," என்றேன்.