மச்சானின் சட்டையை உதறிய வாரம்

மார்ச் 4

இன்றும் வீட்டில் மச்சான்தான் ராஜா. என் மனைவியின் தம்பி, பட்டாளத்துக்காரன். போன வாரம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்களே, அப்போது பதுங்குகுழியில் இருந்தானாம். "கண்ணை மூடி, கையால பொத்தியிருந்தேன் பாப்பா. அப்பவும் விரல் எலும்பெல்லாம் தெரிஞ்சுது!" புழுதி அடங்குமுன்பே வெடித்த இடம்வரை நடக்கவும் வைத்தார்களாம். எட்டு வயது மகள் வாயைப் பிளந்து கேட்கிறாள்.

நான் இன்று நாற்பத்திரண்டு கால்சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒன்றில்கூட இரட்டை மடிப்பு இல்லை. யாராவது வாயைப் பிளந்தார்களா?

மார்ச் 6

பள்ளி விட்டதும் நேரே என் சலவைக் கடைக்கு வருகிறவள், மூன்று நாளாக வரவில்லை. மாமா மடியிலேயே குடியிருப்பு.

"என்ன, வயிறு எரியுதா? தண்ணி குடிங்க" என்கிறாள் மனைவி. குடித்தேன். அணையவில்லை.

மார்ச் 7

மச்சானின் பட்டாள முகாமில் சலவை இயந்திரம் பழுதாம். பதினொரு மூட்டை சீருடை என் கடைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் மாவு மாதிரி சாம்பல் புழுதி. அப்படியே நனைத்தால் சேறாகிவிடும். முதலில் உதற வேண்டும்.

எனக்கு மூளை வேலை செய்தது. பள்ளி வாசலுக்கே போய் நின்றேன். "மாமா கதைதானே சொல்றாரு? அவரு போட்டிருந்த சட்டையே நம்ம கடையில இருக்கு. உதறித் தர்றியா?"

ஓடி வந்தாள்! மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறினாள். பட்டாளத் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு எனக்கு ஒரு சல்யூட். மச்சான் வீட்டு வாசலில் காத்திருந்தானாம். நல்லா காத்திருக்கட்டும்.

மார்ச் 10

இன்றும் வந்தாள். தும்மித் தும்மிச் சிரித்தாள். நான்கு நாளாகத் தொடர்ந்து ஜெயிக்கிறேன்.

மார்ச் 19

டிக் டிக் என்று சத்தம் போடும் பெட்டியோடு இரண்டு அதிகாரிகள் கடைக்கு வந்தார்கள். மச்சானும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். கதிர்வீச்சு அளக்கிறார்களாம். முதலில் மச்சான். பெட்டி அவனை மதிக்கவே இல்லை. முகாமிலேயே அவனை மூன்று தடவை குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்து என் கை. தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி அப்படி ஒரு சத்தம்!

"பாத்தியா மச்சான், யாருக்கு ஜாஸ்தின்னு?" என்றேன். அப்படித்தான் சொன்னேன். வெட்கம் கெட்டவன்.

அவன் சிரிக்கவில்லை. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியை அவள் கழுத்தருகே வைத்தார்கள். என்னுடையதைவிட வேகம். அதிகாரி அதை நிறுத்திவிட்டு, "குழந்தைக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார்.



மார்ச் 20

ஏண்டா அவளைக் கூப்பிட்ட? ஏண்டா?

ஜூன் 11

நான்கு வருஷம் கழித்து இந்த நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்று மாதம் முன்பு அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நேற்று அறுத்து எடுத்தார்கள். புற்றுதானாம். "எல்லாத்தையும் எடுத்தாச்சு, பார்ப்போம்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "என் சட்டைதான் பாப்பா, என் சட்டைதான்" என்று குலுங்கி அழுதான். கழுத்துக் கட்டோடு அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பழியையுமா இவன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்த அழுகை என்னுடையது. அந்தத் தடவலுக்கு மட்டும் எனக்கு அருகதை இல்லை.

ஜூன் 12

காலையில் சொல்லிவிட்டேன். "மாமா மேல பொறாமைம்மா. அதான் உன்னக் கடைக்குக் கூப்பிட்டேன். சட்டை ஒரு சாக்கு."

கட்டுப் பிரிக்கும்வரை அவள் பேசக் கூடாதாம். இந்த நோட்டை வாங்கி, பின்பக்கத்தில் எழுதித் தந்தாள்:

'நீ கூப்பிடலன்னாலும் அடுத்த நாள் வந்திருப்பேன். மாமா ஒரே கதையத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு.'

எனக்கு இது ஆறுதலா, தண்டனையா? பத்துத் தடவை படித்துவிட்டேன்.

மச்சான் காப்பி வாங்கி வந்தான். "அத்தான், ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க. கொஞ்சம் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவள் பக்கத்து நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.