எடை மட்டும் குறையவில்லை

மார்ச் 3
இதயம் பலவீனமானதிலிருந்து தினமும் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "பாத்தியா, கொஞ்சம்கூடக் குறையல" என்று மெஷினிலிருந்து இறங்கினார் என் வீட்டுக்காரர். பழைய வாலிபால் பயிற்சியாளர் அல்லவா, கோப்பை வாங்கிய முகம்.

மார்ச் 9
சோபாவை விட்டு எழுவதே இல்லை. தண்ணீர், கண்ணாடி, ரிமோட் எல்லாம் மகாராஜா இருக்குமிடத்துக்கே போக வேண்டும். கேட்டால் இதயத்துக்கு ஓய்வாம்.

மார்ச் 10
சட்டைக் கை தொளதொளவென்று தொங்குகிறது. துவைத்துத் துவைத்துத் துணி பெருத்துவிட்டதாம்! சுருங்கும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 14
கழிப்பறைக்குப் போனவர் வரவே இல்லை. தட்டினால் "இதோ வரேன்" என்று குரல் மட்டும். உள்ளே போனால், எழுந்திருக்க முடியாம உக்காந்திருக்கார் மனுஷன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வெறும் எலும்பு. எடை குறையலையே — அப்ப சதை எங்க போச்சு? எத்தனை நாளா இப்படின்னு கேட்டா, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிறார்.

மார்ச் 17
டாக்டர் பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார். கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள். பல்லைக் கடித்து இறுக்கினார். முள் லேசாக அசைந்தது. கருவி பழுது என்றார். என்னிடம் கொடுத்தாள். முள் அவரைத் தாண்டிப் போயிற்று. ஜெயித்தும் சந்தோஷமில்லை.

காலில் வீக்கம் இருப்பதால் அங்கே அளந்தால் சதை தெரியாதென்று மேல்கையை நாடாவால் அளந்தாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்தார்.

"சதை கரைஞ்சிருக்கு ஐயா. அந்த எடைக்கு ஈடா உடம்புல நீர் கோத்திருக்கு. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"திரும்ப வருமா?" அந்தக் குரல் எனக்குப் புதுசு.

நல்ல சாப்பாடும் அளவான பயிற்சியும் இருந்தால் மெதுவாக வரும் என்றாள். ஓய்வு மட்டும் போதாதாம்.

ஏப்ரல் 2
முட்டை, பருப்பு, பிறகு நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி. "இன்னொரு தரம்" என்றால் முறைக்கிறார். ஊர்ப் பிள்ளைகளை மைதானம் மைதானமாக ஓடவிட்ட பாவம், என் உருவத்தில் வந்து நிற்கிறது.

ஏப்ரல் 20
மூச்சு வாங்கியது, இன்றைக்குப் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டோம். இருவருக்கும் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 11
ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று சண்டை. எனக்கு ரசனையே கிடையாதாம். சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து உள்ளே போனார். கையை எதிலும் ஊன்றவில்லை — அவருக்கே தெரியாது. சுடச்சுட நாலு வார்த்தை வைத்திருந்தேன், விழுங்கிவிட்டேன். அவர் சொன்ன நிறமே இருக்கட்டும்.